அண்ணே நாலு, அக்கா ஒன்பது

ஜூன் 26, திங்கள்

காலை ஆறேகாலுக்குப் பழனியில் முடி இறக்கினேன். கத்தரி படாமல் வளர்த்த முடி. ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. கத்தியை நனைத்துக்கொண்டே மொட்டை அடிக்கிறவர், “நுனியில கொஞ்சம் பூமுடி குடுத்தாப் போதுமேங்க, சுமங்கலிதான?” என்றார். நெஞ்சு ஆபரேஷனுக்காக அறைக்குள் என் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் வேண்டிக்கொண்டது முழு மொட்டை. சாமியிடம் வேண்டியதைக் குறைக்கக் கூடாது என்றேன். சந்தனம் பூசிக்கொண்டு மலை ஏறினேன். காற்று தலையில் நேராகப் பட்டது. வெயிலும்தான்.

வீட்டில் அவருக்குத் துணையாக அவருடைய அக்கா முத்தாயி அண்ணி இருந்தார். என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, தாலி கட்டுன பொம்பளையாட்டவா இருக்கற? பண்டாரமாட்ட இருக்கற.”

அவர் கட்டிலில் இருந்தபடி பார்த்தார். “உங்கப்பனாட்டமே இருக்கற அம்மிணி” என்று சிரித்துவிட்டு, தையல் இழுத்ததும் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். இருமினாலும் சிரித்தாலும் அப்படித்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மாத்திரை நேரத்தை எழுதி வைக்கச் சொன்னார்கள். அதற்காகத்தான் உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரை. மற்றதெல்லாம் பொட்டலப் பேப்பரிலும் கோயில் பலகையிலும் நானாகக் கூட்டிப் படித்தது. பிழை இருந்தால் முருகன் பொறுப்பார்.

மாத்திரை: காலை 4, மதியம் 1, இரவு 3.

ஜூன் 28, புதன்

அண்ணி வெள்ளகோவில் போய்விட்டார். நான் முட்டை மண்டிக்குப் போனேன்.

இவர் பத்தொன்பது வருஷமாக அத்தியப்பண்ணன் மண்டியில் முட்டை எடுத்து எக்ஸ்எல் வண்டியில் கட்டி, பரமத்தி வேலூரில் முப்பத்தொரு கடைகளுக்குப் போடுகிறார். அதை லைன் என்பார்கள். மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அத்தியப்பண்ணனிடம் சொன்னேன்.

“மூணு மாசம் லைனை வேற ஆளுக்குக் குடுக்காம வெச்சிருக்கறனுங்க. அதுக்கு மேல எனக்கும் தொழில் பாருங்க.”

“வெச்சிருக்க வேண்டாமுங்க. நான் ஓட்டறேன்.”

மண்டியில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தை மைதானத்தில் எட்டு வருஷத்துக்கு முன்னால் நானே விழுந்து எழுந்து வண்டி பழகியது அவர்களுக்குத் தெரியாது.

“அக்கா, ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. நாப்பது அட்டை கட்டோணும். ஒரு குழியில எறக்குனாப் போச்சு” என்றார் அத்தியப்பண்ணன்.

“குழி எங்கெங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. இத்தனை வருசமா அவரு ராத்திரிச் சோத்துல அதைத்தான பேசுனாரு.”

செப்டம்பர் நடுவில் அவர் எழுந்து லைனை வாங்கிக்கொள்ளும் வரைக்கும்தான். அதுவரை லைன் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

ஜூன் 29, வியாழன்

முதல் நாள். 40 அட்டை. உடைசல் 11 முட்டை. கயிறு தோளில் உரசுவதால் அவருடைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். தலைக்குத் துண்டு.

பரோட்டாக் கடை மாஸ்டர் மாவைப் பார்த்துக்கொண்டே, “அண்ணே, ரெண்டு அட்டை உள்ள வெச்சுருங்ணே” என்றார். நான் வைத்துவிட்டு நிமிர்ந்ததும், “ஐயய்யோ, அக்கா! மன்னிச்சுக்கங்க்கா” என்று மாவுக் கையோடு கும்பிட்டார். இதற்கு எதற்கு மன்னிப்பு.

அட்டைக் கணக்கும் உடைசல் கணக்கும் எழுதுவதால் இதையும் எழுதுகிறேன். இன்று: அண்ணே 4, அக்கா 9. மற்றவர்கள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

சட்டையின் பட்டன் பட்டை சரியாகத் தையல் மேலேயே உரசுகிறது. அவரால் தாங்க முடியவில்லை. பனியன் போடக் கையைத் தூக்கக் கூடாது. காலில் நரம்பு எடுத்த இடம் கணுக்காலில் இருந்து தொடை வரைக்கும் தையல், லுங்கி ஒட்டிக்கொள்கிறது. வெற்றுடம்பாக இருந்தால் ஈ.

என் பழைய நைட்டி ஒன்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று இருந்தது. ஜிப்பை முழுக்கத் திறந்து, கால் வழியாக மேலே ஏற்றினேன். கையைத் தூக்க வேண்டி வரவில்லை. கழுத்து இறக்கமானது, தையல் மேல் ஒன்றும் படவில்லை. நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

“யாராச்சும் வந்தா?” என்றார்.

“போர்வையை இழுத்துக்கங்க.”

மத்தியானம் முழுக்க நன்றாகத் தூங்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித் தூங்கியது இன்றுதான்.

ஜூலை 8, சனி

48 அட்டை. உடைசல் 3. அண்ணே 11, அக்கா 6.

ஜூலை 13, வியாழன்

கிருத்திகை விரதம். கபிலர்மலை முருகன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு லைனுக்குப் போனேன். பத்து மணிக்கு மயக்கமாக வந்ததால் பஸ் ஸ்டாண்டுக் கடையில் டீ வாங்கினேன். விரதத்தில் டீ தப்பில்லை. உட்கார பெஞ்சு இல்லை, நின்றுகொண்டே குடித்தேன். நாற்பத்தெட்டு வயதில் கடைவாசலில் நின்று டீ குடித்தது இதுவே முதல் தடவை. ஒரு காலை வண்டி மிதியில் வைத்துக்கொண்டால் இடுப்புக்குச் சௌகரியமாக இருக்கிறது.

பக்கத்தில் ஒருத்தர், “தீப்பெட்டி இருக்குங்களா அண்ணே?” என்றார். “இல்லீங்” என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசியது தொண்டை கட்டியிருந்ததால்.

ஜூலை 19, புதன்

வந்து சமைக்கலாம் என்றால் சமையல் ஆகியிருக்கிறது. ரசம், பீன்ஸ் பொரியல். பாத்திரம் தூக்காமல் சின்னச் சின்னக் குண்டாவில் வைத்திருக்கிறார்.

“எப்பப் பழகுனீங்க?”

“பாத்துட்டே இருந்தேன்ல, இத்தனை வருசமா.”

உப்புக் கொஞ்சம் குறைவு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் கண் கலங்குகிறார். டிவியில் யாரோ குழந்தையைத் தொலைத்தால் கலங்குகிறார். எதிர்வீட்டு ஜரீனாவின் பூனை குட்டி போட்டதற்கும் கலங்கினார். நெஞ்சைத் திறந்தவர்களுக்கு இது சகஜம், சில மாதங்களில் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரித் தாளில் அச்சடித்திருக்கிறது. பேச்சும் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் முட்டை, மழை, கரண்டு, இந்த மூன்றைத்தான் பேசுவார். நேற்று ராத்திரி, எனக்கு எந்தக் கலர் சேலை பிடிக்கும் என்று கேட்டார். அதற்கு ஆஸ்பத்திரித் தாளில் ஒன்றும் போடவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

தையல் முழுக்க ஆறிவிட்டது என்று நர்ஸம்மா பார்த்துச் சொன்னார். இனி சட்டை போடலாம்.

நைட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். சாயந்தரம் கொடியில் இருந்து அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆடி மாசத்திலும் வெக்கை குறையவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப் பதினெட்டு

காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. லைனைச் சீக்கிரம் முடித்துவிட்டு நேராக ஆற்றுக்குப் போனேன். காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. மேல்படியில் உட்கார்ந்து தேங்காய் பழத்தைப் பையில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் விசில்.

“யோவ் பெரியவரே! கண்ணு தெரியல? இது பொம்பளைங்க துறை. எந்திரிச்சு அந்தப் பக்கம் போய்யா!”

காவலுக்கு நின்ற பெண். நான் திரும்பித் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். “இதைக் காட்டுனாத்தான் விடுவீங்களாம்மா?” அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். துறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆண்கள் துறையில் தண்ணீர் ஆழம், நீந்துகிறார்கள். எங்கள் பக்கம் முழங்கால் வரைதான்.

தாலிக் கயிற்றை வீட்டுக்கு வந்து மாற்றினேன். அவரே முடி போட்டார். மீதி மஞ்சள் கயிற்றைப் பார்த்து, “எனக்கும் கட்டு” என்றார். ஆண்கள் கையில் கட்டிக்கொள்வது உண்டு. கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டு, குனிந்து கழுத்தைக் காட்டினார். கட்டினேன். மூன்று முடிச்சுப் போடவில்லை, ஒன்றுதான். அவரை மாதிரி கண்டத்தில் இருந்து மீண்டவர்கள் கழுத்தில் சாமிக் கயிறு போட்டுக்கொள்வது நல்லதுதான்.

அண்ணே 7. அக்கா 5. பெரியவரே 1.

ஆகஸ்ட் 12, சனி

இவருக்குப் பூக் கட்டத் தெரியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜரீனா வீட்டில் விசேஷத்துக்கு முல்லை வாங்கிக் கட்ட ஆள் இல்லாமல் தவித்திருக்கிறாள். இவர், “கொண்டாங்க” என்றிருக்கிறார். நான் வரும்போது எங்கள் வீட்டு நடை நிறையப் பெண்கள். நடுவில் இவர் சம்மணம் போட்டு, கால் பெருவிரலில் நாரை மாட்டி இழுத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே கட்டுகிறார். நைட்டிதான். அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

“அண்ணா, நெருக்கமா கட்டறீங்க. பூக்கடைக்காரன் கண்ணு வெச்சுருவான்” என்றாள் ஜரீனா.

“அவனுக்குப் போட்டியாவே கடை வெக்கறனே” என்கிறார் இவர். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். தலையணையைத் தேடவில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று ராத்திரி கேட்டேன். “சின்னதுல...” என்றவர் விளக்கை அணைத்துவிட்டார்.

எனக்கு முடி ஒரு விரல் அகலம் வளர்ந்திருக்கிறது. அண்ணே 5. முன்னைவிடக் குறைந்துகொண்டு வருகிறது. முடி வளர்ந்தால் குறையத்தானே செய்யும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அண்ணி சொல்லாமல் வந்துவிட்டார். நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், சட்டையும் அவருடைய பழைய பேண்ட்டுமாக. நேற்று மழையில் சேலை சக்கரத்தில் மாட்டப் பார்த்தது, அதனால் பேண்ட். அண்ணி என்னை அடையாளம் தெரியாமல், “ஏனுங் தம்பி, சென்னியப்பன் இருக்கறானுங்களா?” என்று கேட்டுவிட்டார். பிறகு தெரிந்ததும் பேசாமல் உள்ளே போனார்.

உள்ளே இவர் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நீல நைட்டி. கழுத்தில் மஞ்சள் கயிறு.

“டேய் சென்னீ, என்னடா கோலம் இது? கழுத்துல என்னடா அது?”

அவர் எழுந்து நின்றார். கீரை மடியில் இருந்து கொட்டியது.

“எனக்கு ஒண்ணும் விளங்கல. இந்த ஊட்ல ஆம்பள யாரு, பொம்பள யாரு? ஒருத்தி பேண்ட்டப் போட்டுட்டு வண்டி கழுவறா. ஒருத்தன் நைட்டியப் போட்டுட்டுக் கீரை ஆயறான். உங்க பொண்ணைக் கட்டிக் குடுத்த எடத்துல தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?” என்னைப் பார்த்துத் திரும்பினார். “நீயாச்சும் சொல்லக் கூடாதா? பாத்துட்டுச் சும்மா இருக்கற?”

“நானும் சொல்லீட்டுத்தான் இருக்கறனுங்க அண்ணி. கேக்க மாட்டீங்கறாரு.”

இவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். கீரையைக் கூட்டி அள்ளிவிட்டு உள்ளே போனார். வரும்போது வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டியிருந்தார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

நான் பொய் சொன்னேன். ஒரு நாளும் நான் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

அண்ணே, அக்கா எண்ணவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கஞ்சிக் குண்டாவை இறக்கக் கரித்துணியை எடுத்தேன். நீலத்தில் வெள்ளைப் பூ. சதுரம் சதுரமாக, ஒரே அளவில், ஓரத்தை மடித்துத் தைத்து அடுக்கி வைத்திருக்கிறார். எட்டுத் துண்டு.

அண்ணி இன்னும் இங்கேதான் இருக்கிறார். இவர் சட்டையில் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். சமையல் நான். ரெண்டு வாய் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

இன்று அண்ணி ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்ற வண்டியில் கூட்டிப்போனேன். பின்னால் உட்கார்ந்து என் தோளை இறுகப் பிடித்திருந்தார். பஸ் வரும்வரை நின்றோம்.

“நான் கெட்டவள்னு நினைக்கற.”

“இல்லீங்க அண்ணி.”

“அவன் கையில தழும்பு இருக்குதே, வலது முழங்கைக்குக் கீழ. என்னன்னு சொல்லியிருக்கறான்?”

“சைலன்சர் சுட்டதுன்னு சொன்னாருங்க.”

அண்ணி மூக்கைச் சீந்தினார். “சைலன்சரு! எங்கூட்ல அப்ப சைக்கிளே கெடையாது. ஒம்பது வயசுல எங்கூட உக்காந்து பூக் கட்டுவான். எங்காட்டியும் நல்லாக் கட்டுவான். என் தாவணியைச் சுத்திப் பாப்பான். அப்பன் ஒரு நாள் பாத்துட்டு, கரண்டியப் பழுக்கக் காச்சி வெச்சாரு. கையப் புடிச்சுட்டு நின்னவ நானு. புடிடீன்னாரு, புடிச்சேன். எனக்குப் பன்னண்டு.” பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஊரு ஒருக்கா அவனுக்குச் சூடு வெக்கக் கூடாதுன்னுதான் கத்தறேன். மூணு மாசம் முடிஞ்சதும் நல்ல நாள் பாத்து அவனை வண்டியில ஏத்திடு. எல்லாம் சரியாப் போயிரும்.”

அண்ணியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 30, புதன்

காதோரம் முடி வளர்ந்து ஹெல்மெட்டில் மாட்டுகிறது, கொஞ்சம் வெட்டி விடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். வெயிலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, சீப்பால் தூக்கித் தூக்கி வெட்டினார். காது இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி. பிடரியில் ஒட்ட. சுமங்கலி முடி வெட்டலாமா என்று கேட்பார்கள். ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம்.

பிடரியில் ஊதிவிட்டார். அப்போது, “மன்னிச்சுக்கங்க” என்றேன்.

“எதுக்கு?”

“அண்ணிகிட்ட அப்படிச் சொன்னதுக்கு.”

கத்தரியில் ஒட்டிய முடியைத் துண்டில் துடைத்தார். “நீ அப்படிச் சொல்லலீன்னா அக்கா உன்னையப் பேசியிருக்கும்” என்றார்.

அவர் எனக்காகச் சமாதானம் சொல்கிறார். கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே, கரண்டிக் கிண்ணத்தின் அளவு. சைலன்சர் அப்படி வட்டமாகச் சுடாது. இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆனால் ஒன்று, இவர் வெட்டினால் ஒழுங்காக இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

கோயமுத்தூர் ரிவியூ. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “ஃபர்ஸ்ட் கிளாஸ்! இனி வண்டி ஓட்டலாம், வெயிட் தூக்கலாம். பழைய மாதிரி இருங்க” என்றார்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவினாசி தாண்டியதும், “நீயும் மூணு மாசம் வெயில்ல காஞ்சுட்ட. இனி வீட்ல இரு” என்றார். நான் “சரிங்க” என்றேன். பெருந்துறை தாண்டியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன், தூசி.

நல்ல செய்திதான். மொட்டை போட்டதற்கு முருகன் குறை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அண்ணி போனில் சொல்லிவிட்டார். புரட்டாசி பிறந்தால் முட்டை விற்காது, அதற்குள் ஏறிவிட வேண்டுமாம்.

செப்டம்பர் 13, புதன்

கபிலர்மலைக்குப் போனேன். வழக்கமாக மூன்று வேண்டுதலை வரிசையாகச் சொல்வேன்: பெண் நன்றாக இருக்க வேண்டும், இவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், தொழில் நன்றாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் வந்தது. மூன்றாவதில் “வெள்ளிக்கிழமை அவர் நல்லபடியாக லைனுக்குப் போக” என்று ஆரம்பித்தேன். வாயில் வரவில்லை. இரண்டு தடவை ஆரம்பித்தும் வரவில்லை. பின்னால் நின்றவர், “தீபாராதனை முடிஞ்சுதுங்க, நகருங்க சார்” என்றார். நகர்ந்தேன்.

சாமி முன்னால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

அண்ணி ஐந்தரைக்கே எலுமிச்சம்பழம், கற்பூரம், புதுச் சட்டையோடு வந்தார். வண்டிக்குப் பொட்டு வைத்தோம். அவர் குளித்து, சட்டை போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முகம் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் படுத்திருந்தபோது இருந்த மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினார். அண்ணி கற்பூரத்தைச் சுற்றினார். வண்டி தெருமுனை வரை போனது.

நான் வாசல் பெருக்க விளக்குமாறை எடுத்தேன். எடுத்தவள் பெருக்கவில்லை.

வண்டிச் சத்தம் திரும்பி வந்தது. அவர் இறங்கவில்லை, என்ஜினையும் நிறுத்தவில்லை.

“அம்மிணி, நீ போறியா, நான் போகட்டுமா?”

அண்ணி, “என்னடா கேள்வி இது, நேரம் பாத்து” என்றார். அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

நான் அவருடைய மனைவி. அவர் போக வேண்டும் என்று சொல்வதுதான் முறை. அண்ணி எதிரில் ஒரு தடவை முறையாகப் பேசியிருக்கிறேன், அது எட்டுக் கரித்துணி ஆயிற்று.

“நான் போறனுங்க” என்றேன். “எனக்குப் புடிச்சிருக்குதுங்க.”

அவர் ஸ்டாண்டு போட்டு இறங்கினார். சாவியைக் கழற்றாமல் விலகி நின்றார்.

“அப்ப நீ என்னடா பண்ணுவ?” அண்ணியின் குரல் கத்தலாக இல்லை.

“வீட்ல இருக்கறனக்கா. எனக்கும் புடிச்சிருக்குது.”

அண்ணி அவர் கையைப் பார்த்தார். புதுச் சட்டையின் கை நீளம், எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் அந்த இடத்தையே பார்த்தார். “அப்பன் செத்துப் பதினெட்டு வருசமாச்சு” என்றார், யாரிடமும் இல்லாமல். கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். “எனக்கு ஒண்ணும் புடிக்கல. சொல்லிப் போட்டேன். ஊருல யாரு கேட்டாலும் எனக்குத் தெரியாதும்பேன்.” கொஞ்சம் கழித்து, “காப்பி வெய்யி. நீயே வெய்யி” என்றார் அவரிடம்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மண்டியில் விஷயத்தைச் சொன்னேன். “எனக்கு அட்டை உடையாமப் போய்ச் சேந்தாப் போதுமுங்க. உடைசல்ல சென்னியப்பனை விட நீங்க கம்மி” என்றார் அத்தியப்பண்ணன். அதை வீட்டில் சொல்லவில்லை.

44 அட்டை. உடைசல் இல்லை.

செப்டம்பர் 18, திங்கள்

புரட்டாசி முதல் தேதி. 19 அட்டைதான் போயிற்று. பன்னிரண்டு மணிக்கே லைன் முடிந்தது.

துணிக்கடையில் நைட்டித் துணி பார்த்தேன். நீலம் இல்லை. இளம்பச்சையில் கொடி ஓடியது இருந்தது. கையில் கசக்கிப் பார்த்து எடுத்தேன். நேராகப் பஸ் ஸ்டாண்டு டெய்லர் கடை. இரண்டு பெண்கள் ஜாக்கெட் வாங்க உட்கார்ந்திருந்தார்கள்.

“நைட்டிங்களா? உங்க அளவு இருக்குதுங்க்கா” என்று நோட்டைப் புரட்டினார் டெய்லர்.

“எனக்கில்லீங்க. உசரம் அம்பத்தாறு வெச்சுக்கங்க. மார்பு நாப்பத்திரண்டு. முன்னால ஜிப்பு.”

“நல்ல ஒசரமா இருக்குதே. யாருக்குங்க?”

உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தங்கச்சிக்கு என்று சொல்லலாம். எனக்குத் தங்கை இருக்கிறாளா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

“எங்க வீட்டுக்காரருக்கு.”

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. டெய்லர் என் முகத்தை, தலையை, சட்டையைப் பார்த்தார். “முட்டைக்காரரா?”

“முட்டைக்காரி நானுங்க. அவரு வீட்ல இருக்காரு.”

துணியை விரித்து அகலம் பார்த்தார். “வாயில சொல்ற அளவுக்குத் தோள் உக்காராதுங்க்கா. ஆம்பளைத் தோள் வேற. ஆளை வரச் சொல்லுங்க, டேப்பு வெச்சுப் பாத்துக்கறேன்.” கிண்டலா என்று முகத்தைக் கவனித்தேன். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்த துணியைப் பிரித்தார். கிண்டல் இல்லை.

ஆனால் இது நான் நினைத்துப் போனது இல்லை. தைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் போடுவது வேறு. கடையில் போய் நிற்பது வேறு.

சாயந்தரம் வரை சொல்லவில்லை. அவர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், சட்டை வேட்டியில். கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். அப்போது சொன்னேன்.

“பஸ் ஸ்டாண்டுக் கடைக்கா?”

“ஆமாங்க.”

“நாலு பேரு இருப்பாங்களே.”

“மத்தியானம் ரெண்டு பேரு இருந்தாங்க. நான் சொல்லிட்டேன், யாருக்குன்னு.”

நறுக்கியதைத் தண்ணீரில் போட்டார். ரொம்ப நேரம் அலசினார். தட்டைப் போட்டு மூடி வைத்தார். “என்ன கலரு?” என்றார்.

“பச்சை. கொடி ஓடியிருக்குது.”

அவர் உள்ளே போனார். வர மாட்டார் போலிருக்கிறது, பரவாயில்லை, அளவுக்கு ஒரு பழைய சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். தலை சீவி, திருநீறு வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார்.

நான் வண்டியைக் கிளப்பினேன். அவர் வேட்டியை ஒதுக்கி, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“சீக்கிரம் போ அம்மிணி” என்றார். “கடையைச் சாத்திப்போடுவாரு.”